விரல் மேல தப்பில்ல: பழைய பேஸ் கிட்டார் வாங்குறதுக்கு முன்னாடி படிங்க

முதல் வருஷம் ரெண்டாவது செமஸ்டர்ல நான் ஒரு பழைய பேஸ் கிட்டார் வாங்கினேன். விலை 5,500 ரூபாய். பொங்கலுக்கு வந்த காசு, சித்தப்பா கொடுத்தது, மெஸ் பில்லில் மிச்சம் பிடிச்சது எல்லாம் அதுக்குள்ள போச்சு. கறுப்பு கலர், பளபளன்னு இருந்துச்சு. போட்டோவில் இன்னும் அழகா இருந்துச்சு.

அடுத்த பத்து மாசம் நான் தினமும் ஒரு மணி நேரம் வாசிச்சேன். விரல் நுனி தடிச்சுப் போச்சு, ஆனா சத்தம் மட்டும் நல்லா வரவே இல்ல. டியூனர் ஆப்ல நாலு ஸ்ட்ரிங்கும் பச்சை காட்டும். ஆனா பாட்டோட சேர்ந்து வாசிச்சா ஏதோ ஒண்ணு இடிக்கும். கல்லூரி பேண்டுக்கு ஆள் எடுத்தப்போ போனேன், எடுக்கல. "காது சரியில்ல போல"ன்னு ஒருத்தன் சொன்னது என் காதில் விழுந்துச்சு. அந்தக் காது நல்லாவே வேலை செஞ்சுது.

விக்கப் போறேன்னு கிளப் ரூமுக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க ஃபைனல் இயர் அக்கா ஒருத்தங்க கிட்டாரை வாங்கி, ஹெட்ஸ்டாக் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாங்க. பத்து செகண்ட் கூட ஆகல. "டேய், நெக் முறுக்கிக்கிச்சு. இதுல யாரு வாசிச்சாலும் அபஸ்வரம்தான் வரும்"னாங்க.

பத்து மாசமா நான் என் விரலைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். இந்தக் கட்டுரையை எழுதுறதுக்குக் காரணம் அதுதான். மோசமான கிட்டார் வாங்கினா காசு மட்டும் போகாது, நமக்கு இது வராதுன்னு ஒரு முடிவுக்கே வந்துடுவோம். வாங்குறதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் செலவு பண்ணா அதைத் தவிர்க்கலாம்.

முதல்ல, பேஸ்னா என்ன?

தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சாதாரண கிட்டாரில் ஆறு ஸ்ட்ரிங், பேஸில் பெரும்பாலும் நாலு. தடிமனான ஸ்ட்ரிங்கிலிருந்து வரிசையா ஈ, ஏ, டி, ஜி. கிட்டாரோட கீழ் நாலு ஸ்ட்ரிங்கும் இதே பேர்தான், ஆனா பேஸ் ஒரு ஸ்தாயி கீழ ஒலிக்கும். ஈ ஸ்ட்ரிங் 41.2 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73.4, ஜி 98.

இளையராஜா பாட்டை போன் ஸ்பீக்கரில் கேட்டுட்டு, அதே பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்க. ரெண்டாவது தடவை அடியில புதுசா ஒரு ஆள் நடந்து போற மாதிரி இருக்கும். அது பேஸ். ரஹ்மான் பாட்டுகளில் அந்த வேலையைப் பல வருஷமா செஞ்சவர் நம்ம சென்னைக்காரர் கீத் பீட்டர்ஸ்.

இன்னிக்கு நாம பார்க்குற எலக்ட்ரிக் பேஸின் வடிவம் 1951-ல் வந்த ஃபெண்டர் ப்ரெசிஷன் பேஸிலிருந்து வருது. 1960-ல் ஜாஸ் பேஸ் வந்துச்சு. குறைஞ்ச விலையில் கிடைக்கிற பல கிட்டார் இந்த ரெண்டில் ஒண்ணோட சாயல்தான். பிக்கப் நடுவில் ரெண்டு துண்டா மாறி மாறி இருந்தா அது 'பி' வகை, ரெண்டு நீளமான பிக்கப் தனித்தனியா இருந்தா 'ஜே' வகை. ரெண்டும் கலந்த 'பிஜே' வகையும் நிறைய கிடைக்கும். முதல் பேஸுக்கு எது நல்லதுன்னு ரொம்ப யோசிக்காதீங்க. நெக் நேரா இருக்கிறது எதுவோ அதுதான் நல்லது.

ஏன் பழசு?

அதே காசுக்குப் புதுசா வாங்கினா அடிமட்ட மாடல்தான் கிடைக்கும். பழசில் ஒரு படி மேல போகலாம். யமஹா, ஐபனெஸ், கோர்ட், ஸ்குவையர் இந்த நாலு பேரோட ஆரம்ப மாடல்கள் பழசா அடிக்கடி விற்பனைக்கு வரும். வாங்கி மூணு மாசத்தில் ஆர்வம் போனவங்க, வேலைக்கு ஊர் மாறிப் போறவங்க, கல்யாணம் ஆனவங்க, இவங்கதான் விக்கிறவங்க. அதனால பல கிட்டார் அதிகம் வாசிக்கப்படாமலேயே கைமாறும்.

என் கணக்கு இது: புது விலையில் பாதிக்கு மேல கொடுக்க மாட்டேன். கேக்குற விலையோட ஒரு செட் ஸ்ட்ரிங் காசையும், செட்டப் கூலியையும் கூட்டித்தான் பார்ப்பேன். 8,000 ரூபாய்ன்னு சொல்ற கிட்டார் கையில் வாசிக்கிற நிலைமைக்கு வரும்போது 11,000 ஆகியிருக்கும். அந்தத் தொகை உங்க பட்ஜெட்டுக்குள்ள வருதான்னு பாருங்க.

முக்கியமான இன்னொண்ணு: நேர்ல பார்க்காம அட்வான்ஸ் அனுப்பாதீங்க. அதே மாதிரி, உங்களுக்குப் பணம் வரணும்னா நீங்க க்யூஆர் ஸ்கேன் பண்ணவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்ல. யாராவது அப்படிக் கேட்டா அது ஏமாத்து வேலை.

பார்க்கப் போகும்போது பையில் என்ன இருக்கணும்?

போன்ல டியூனர் ஆப், ஒரு விசிட்டிங் கார்டு, 15 சென்டிமீட்டர் ஸ்கேல், ஒரு கிட்டார் கேபிள், லேப்ல உபயோகிக்கிற மல்டிமீட்டர், கூட ஒரு நண்பன். நண்பன் எதுக்குன்னா, நமக்கு ஆசை வந்துட்டா கண்ணு தெரியாது. அவனுக்குத் தெரியும்.

ஒண்ணு: நெக்

மத்ததை எல்லாம் மாத்தலாம். நெக் போனா கிட்டாரே போச்சு. அதனால இங்கதான் அதிக நேரம் செலவு பண்ணணும்.

அந்த அக்கா செஞ்சதையே செய்யுங்க. ஹெட்ஸ்டாக்கைக் கண்ணுக்கிட்ட பிடிச்சு, ஒரு கண்ணை மூடி, நெக் வழியா பாடி வரைக்கும் பாருங்க. ஃப்ரெட்டுகள் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இணையா, ரயில் தண்டவாளத்துக் கட்டைங்க மாதிரி வரிசையாத் தெரியணும். மேல இருக்கிற ஃப்ரெட்டும் கீழ இருக்கிற ஃப்ரெட்டும் வேற வேற பக்கம் சாய்ஞ்சிருந்தா நெக் முறுக்கியிருக்கு. நன்றி சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. விலை குறைச்சாலும் வேண்டாம்.

முறுக்கல் வேற, வளைவு வேற. லேசான வளைவு இருக்கணும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே ஸ்ட்ரிங்கில் அழுத்திப் பிடிங்க. இப்போ அந்த ஸ்ட்ரிங் ஒரு நேர்கோடு. நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட்கிட்ட, ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி இருந்தா சரி. இடைவெளியே இல்லாம உரசுதுன்னா நெக் பின்பக்கமா வளைஞ்சிருக்கு. மூணு நாலு கார்டு நுழையுதுன்னா ரொம்ப முன்பக்கமா வளைஞ்சிருக்கு.

இதைச் சரி பண்ண நெக்குக்குள்ள ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கும். இறுக்கினா முன்வளைவு குறையும், தளர்த்தினா கூடும். ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல திருப்பக் கூடாது. விக்கிறவரையே கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொல்லுங்க. நட்டு வழுக்குதுன்னாலோ, ஏற்கனவே முழுக்க இறுக்கி இனிமே போகலன்னாலோ அந்தக் கிட்டார் நமக்கு வேண்டாம்.

ரெண்டு: ஆக்‌ஷன், ஃப்ரெட்

12-வது ஃப்ரெட்கிட்ட ஸ்ட்ரிங் எவ்ளோ உயரத்தில் இருக்குன்னு ஸ்கேல் வெச்சுப் பாருங்க. ஈ ஸ்ட்ரிங் சுமார் 2.5 மில்லிமீட்டர், ஜி ஸ்ட்ரிங் சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தா வசதியா வாசிக்கலாம். நாலு மில்லிமீட்டர் இருந்தா விரல் வலிக்கும். அதோட பிரச்சனை முடியாது. உயரத்திலிருந்து அழுத்தும்போது ஸ்ட்ரிங் கூடுதலா இழுபடும், டென்ஷன் ஏறும், சுரம் கொஞ்சம் மேல போயிடும். சும்மா மீட்டினா டியூனர் பச்சை காட்டும், விரல் வெச்சா அபஸ்வரம். என் பத்து மாசக் கதையில் பாதி இதுதான். உயரத்தை பிரிட்ஜில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவில் குறைக்கலாம், ஆனா நெக் நேரா இருந்தாத்தான் குறைக்க முடியும்.

அப்புறம் நாலு ஸ்ட்ரிங்லயும் எல்லா ஃப்ரெட்டையும் ஒவ்வொண்ணா வாசிங்க. 80, 90 சுரம் வரும், அஞ்சு நிமிஷ வேலை. பொறுமையா செய்யுங்க. ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் கொர்ருன்னு சத்தம் வந்தா, பக்கத்து ஃப்ரெட் தூக்கியிருக்கலாம் இல்ல தேய்ஞ்சிருக்கலாம். ஆம்ப்பில் கேக்காத லேசான உரசலை மன்னிச்சு விடலாம். ஜி ஸ்ட்ரிங்கில் அஞ்சிலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள்ள ஒரு சுரம் சீக்கிரமா அடங்கிப் போனா பயப்படாதீங்க. நல்ல நல்ல பேஸிலும் அப்படி ஒரு இடம் இருக்கும்.

மூணு: இன்டொனேஷன்

12-வது ஃப்ரெட் ஸ்ட்ரிங்கோட சரி பாதி. அதுக்கு நேர் மேல விரலை லேசாத் தொட்டு மீட்டினா மணி மாதிரி ஒரு ஹார்மோனிக் வரும். அதை டியூனரில் பாருங்க. அப்புறம் அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அழுத்தின சுரம் மேல போனா பிரிட்ஜில் இருக்கிற சாடிலைப் பின்னாடி தள்ளணும். கீழ போனா முன்னாடி இழுக்கணும். ஸ்க்ரூடிரைவர் வேலைதான். சாடிலுக்கு நகர இடம் இருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க.

ஒரு விஷயம்: விக்கிறவங்க கிட்டாரில் பெரும்பாலும் வருஷக்கணக்கில் கிடந்த ஸ்ட்ரிங்தான் இருக்கும். அதுலயே இன்டொனேஷன் கெட்டுப் போகும். அதனால கொஞ்சம் விலகல் இருந்தா அதை வெச்சு விலையைப் பேசுங்க. வேண்டாம்னு சொல்ற அளவுக்கு அது பெரிய குறை கிடையாது.

நாலு: கரண்ட் விஷயம்

இங்க நாம கொஞ்சம் சீன் போடலாம். கேபிளை கிட்டாரில் சொருகி, மறுமுனையோட நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டரை வெச்சு ரெசிஸ்டன்ஸ் பாருங்க. வால்யூம் முழுசா இருக்கணும். 'பி' வகை பிக்கப் சுமார் 10 கிலோ ஓம், 'ஜே' வகை ஒவ்வொண்ணும் சுமார் 7, 8 கிலோ ஓம் காட்டும். ரெண்டு பிக்கப் இருந்தா ஒரு வால்யூமை ஏத்தி இன்னொண்ணை இறக்கித் தனித்தனியாப் பாருங்க. எதுவுமே காட்டலன்னா காயிலோ, வயரோ, ஜாக்கோ எங்கேயோ அறுந்திருக்கு. உள்ள 9 வோல்ட் பேட்டரி இருக்கிற ஆக்டிவ் பேஸுக்கு இந்த டெஸ்ட் செல்லாது. அதை ஆம்ப்பில் போட்டுத்தான் பார்க்கணும். ஆக்டிவ் பேஸ் வாங்கினா வாசிச்சு முடிச்சதும் கேபிளைக் கழட்டிடுங்க. சொருகியிருக்கிற வரைக்கும் பேட்டரி தீர்ந்துகிட்டே இருக்கும்.

வால்யூம் திருப்பும்போது கரகரன்னா அது தூசி. கான்டாக்ட் க்ளீனர் ரெண்டு தடவை அடிச்சாப் போதும். ஜாக் ஆடினா நட்டை இறுக்கணும், இல்ல ரெண்டு சால்டர் போடணும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான். இதையெல்லாம் விக்கிறவர்கிட்ட பெரிய வியாதி மாதிரி சொல்லி விலையைக் குறைங்க, ஹாஸ்டலில் வந்து அரை மணி நேரத்தில் சரி பண்ணிக்குங்க. இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா?

இப்போ ஸ்ட்ரிங்

வாங்கியாச்சு. முதல் வேலை, பழைய ஸ்ட்ரிங்கைக் கழட்டுறது. எதைப் போடணும்னு தெரியணும்னா, முதல் வருஷ பிசிக்ஸை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்துங்க. ஸ்ட்ரிங் நீளமா இருந்தா சுரம் கீழ போகும், கனமா இருந்தாலும் கீழ போகும், இறுக்கினா மேல போகும். பேஸுக்கு ரொம்பக் கீழ சுரம் வேணும். நீளத்தைக் கூட்டலாம்னா கை எட்டாது. 34 இன்ச்தான் வழக்கமான அளவு. ரொம்பத் தளர்த்தினா கம்பி கொழகொழன்னு ஆடும். அதனால கனத்தைக் கூட்டணும். ஆனா ஒரே தடிக் கம்பியாப் போட்டா அது கம்பி மாதிரி அதிராது, இரும்புத் தடி மாதிரி விறைச்சுக்கும். அதுக்குத்தான் நடுவில் ஒல்லியா ஒரு கம்பி, அதைச் சுத்தி இன்னொரு கம்பியைச் சுருட்டுறாங்க. கனம் கிடைக்கும், வளையவும் செய்யும். அந்தச் சுத்துற கம்பி எப்படி இருக்குங்கிறதுதான் ஸ்ட்ரிங் வகைகளுக்குள்ள இருக்கிற வித்தியாசமே.

ரவுண்ட்வவுண்ட்: சுத்தின கம்பி உருண்டை. தொட்டா சொரசொரன்னு இருக்கும். சத்தம் பளிச்சுன்னு வரும். ஸ்லாப், ராக், இன்னிக்கு நாம கேக்குற பெரும்பாலான பாட்டுக்கு இதுதான். 1960-களில் ரோட்டோசவுண்ட் கம்பெனி, தி ஹூ பேண்டின் ஜான் என்ட்விசிலோட சேர்ந்து உருவாக்கின பேஸ் ஸ்ட்ரிங் இந்த வகையைப் பிரபலமாக்குச்சு. இதிலேயே நிக்கல் பூசினது கொஞ்சம் மென்மை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பளிச்.

ஃப்ளாட்வவுண்ட்: சுத்தின கம்பி பட்டையா இருக்கும். தொட்டா வழுவழுன்னு இருக்கும். சத்தம் கும்முன்னு, உருண்டையா வரும், விரல் நகரும்போது கீச்சுன்னு சத்தம் வராது. மோடவுன் பாட்டுகளில் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் உபயோகிச்சது இதைத்தான். ஸ்ட்ரிங்கை மாத்தவே மாட்டார்ன்னு பேர் வாங்கினவர் அவர். நம்ம பழைய சினிமாப் பாட்டு வாசிக்க ஆசைன்னா இதை ஒரு தடவை போட்டுப் பாருங்க. விலை அதிகம், ஆனா வருஷக்கணக்கில் வரும். ஃப்ரெட்லெஸ் பேஸுக்கும் இது நல்லது. ரவுண்ட்வவுண்ட் அந்தக் கட்டையை அறுத்துடும்.

இது ரெண்டுக்கும் நடுவில் ஹாஃப்ரவுண்ட், மேல நைலான் சுத்தின டேப்வவுண்ட்ன்னும் இருக்கு. முதல் செட்டுக்கு அங்க போக வேண்டாம்.

அடுத்தது தடிமன். பாக்கெட்டில் 45-105ன்னு போட்டிருந்தா, ஜி ஸ்ட்ரிங் 0.045 இன்ச்சில் ஆரம்பிச்சு ஈ ஸ்ட்ரிங் 0.105-ல் முடியுதுன்னு அர்த்தம். 45-100, 45-105 ரெண்டும் நடுத்தரம். புதுசாக் கத்துக்கிறவங்க 45-100 போடுங்க. விரல் ரொம்ப வலிச்சா 40-95. ஈ-யை டி-க்கு இறக்கி மெட்டல் வாசிக்கிறவங்க தடிமன்தான் வாங்கணும். அப்படி இறக்கும்போது அந்த ஸ்ட்ரிங்கோட டென்ஷன் சுமார் 20 சதவீதம் குறைஞ்சுடும், மெலிசு போட்டா தொங்கும்.

தடிமனை மாத்தினா நெக்கும் மாறும்ங்கிறதை மறக்காதீங்க. நடுத்தர செட் ஒண்ணு நாலு ஸ்ட்ரிங்கும் சேர்த்து நெக்கை ஏறத்தாழ 80 கிலோ விசையோட இழுக்குது. ஒரு வளர்ந்த ஆள் தொங்குற மாதிரி. தடிமன் கூடினா இன்னும் இழுக்கும், ட்ரஸ் ராடைத் திரும்பச் சரி பண்ணணும். அதனால ஒரு தடிமன் பிடிச்சதும் அதிலேயே நில்லுங்க.

வாங்கும்போது நீளத்தையும் பாருங்க. உங்க பேஸ் 30 இன்ச் ஷார்ட் ஸ்கேல்னா அதுக்குத் தனி ஸ்ட்ரிங்.

போடும்போது

அவசரப்பட்டு நான் ஒரு ஈ ஸ்ட்ரிங்கை வீணாக்கினேன், அதனால சொல்றேன். டியூனிங் போஸ்டைத் தாண்டி சுமார் 10 சென்டிமீட்டர் விட்டு, முதல்ல ஸ்ட்ரிங்கைச் செங்குத்தா வளைங்க, அப்புறம் வெட்டுங்க. வளைக்காம வெட்டினா சுத்தின கம்பி தளர்ந்து சத்தம் செத்துடும். நுனியை போஸ்டோட நடு ஓட்டைக்குள்ள விட்டு, மேலிருந்து கீழ ரெண்டு மூணு சுத்து வரணும். புது ஸ்ட்ரிங் மூணு நாள் டியூன் இறங்கிக்கிட்டே இருக்கும், கிட்டார் மேல சந்தேகப்படாதீங்க. நின்னதும் இன்டொனேஷனை ஒரு தடவை பாருங்க.

சென்னை மாதிரி கடலோர ஊரில் உப்புக் காத்து, வேர்வை ரெண்டும் ஸ்ட்ரிங்கைச் சீக்கிரம் தின்னுடும். வாசிச்சு முடிச்சதும் பழைய பனியன் துணியால் துடைங்க, கீழ்ப்பக்கமும். ஒரு செட்டுக்கு நான் கொடுத்தது 1,900 ரூபாய். தினமும் துடைச்சதால எட்டு மாசம் வந்துச்சு. காசே இல்லாத மாசத்தில் பழைய ஸ்ட்ரிங்கைக் கழட்டி வெந்நீரில் கொதிக்க வெச்சா சுருளுக்குள்ள இருக்கிற அழுக்கு போய்க் கொஞ்ச நாளைக்குப் பளிச்சுன்னு வரும். ஹாஸ்டல் கெட்டிலில் மட்டும் செய்யாதீங்க. அடுத்த நாள் அதே கெட்டிலில் மேகி செஞ்ச ரூம்மேட் என்கிட்ட ரெண்டு நாள் பேசல.

கடைசியா

முறுக்கின அந்தக் கிட்டாரை நான் யாருக்கும் விக்கல. விக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, போட்டோவில் அழகா இருக்குமே. ஆனா வாங்கப் போறவன் இன்னொரு முதல் வருஷப் பையனாத்தான் இருப்பான். பிக்கப், ட்யூனர் எல்லாம் கழட்டி கிளப் பெட்டியில் போட்டேன். ரெண்டாவது பேஸ் 9,000 ரூபாய்க்கு, அந்த அக்காவும் மல்டிமீட்டரும் கூட வந்து வாங்கினது. முதல் நாள் அதில் வாசிச்சப்போ பாட்டோட சுரம் அப்படியே ஒட்டிக்கிச்சு. வாசிச்சது அதே விரல்தான், கேட்டதும் அதே காதுதான்.

இந்த மே மாசத்தோட நான் கிளம்புறேன். அந்தப் பேஸ் கிளப் ரூமிலேயே இருக்கும். புது ஸ்ட்ரிங் போட்டிருக்கேன், 45-100. ட்ரஸ் ராடு சாவி பைக்குள்ள டேப் போட்டு ஒட்டியிருக்கு, பக்கத்திலேயே ஒரு விசிட்டிங் கார்டும். வாசிக்கணும்னு ஆசை இருந்து காசு இல்லாத யாரும் போய் எடுத்துக்கலாம். வாசிச்சு முடிச்சதும் துடைச்சு வெச்சுடுங்க, அவ்ளோதான்.